மூடிய கதவும் ‘சட்ட விவகாரம்’ என்னும் சொல்லும்

பொது விதியை முதலில் நிறுத்தி, அதன் பின்னர் விலக்கைக் கூறுவது இலக்கண நூலார் வழக்கம். விலக்கை முதலில் படித்தவனுக்கு விதி விளங்காது. ஊராட்சி மன்றம் பொதுமக்களை வெளியே நிறுத்திவிட்டுச் சட்ட விவகாரங்களைப் பேசலாமா என்னும் வினாவையும் இவ்வொழுங்கிலேயே அணுகுதல் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி மன்றங்களுக்கு உரியது 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். 2024 பிப்ரவரி 5-ஆம் நாள் மாநகர்த் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றமும் இதற்கு உட்பட்டதே. அதன் 23-ஆம் பிரிவின் சாரம் இது: மன்றத்தின் கூட்டங்கள் அனைத்தும் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்க்கும் திறந்திருத்தல் வேண்டும்; அக்கூட்டத்திலேயே மன்றம் தீர்மானம் இயற்றி வேறு வகையாக முடிவு செய்தாலன்றி. மன்றத்தின் குழுக்களுக்கோ நிலை நேர்மாறானது; குழு தானே தீர்மானித்தாலன்றி அதன் கூட்டம் திறந்ததாகாது.

‘ஆலன்றி’ என்னும் ஈறு இங்கே பெருஞ்சுமை தாங்குகிறது. முழு மன்றக் கூட்டத்தில் எவரும் வாய் திறவாவிடில் கதவு திறந்தே இருக்கும். அதை மூட ஒரு தீர்மானம் வேண்டும். குழுவில் எவரும் வாய் திறவாவிடில் கதவு மூடியே இருக்கும். ஆகவே முழு மன்றத்தை மூடுவது தலைவர் ஒருவரின் கையசைவாலோ, வாயிற்காவலரின் சொல்லாலோ நிகழத்தக்கதன்று. அது உறுப்பினர்கள் கூட்டத்திலே செய்யும் செயல். அதற்கு அவர்களே பொறுப்பு.

இனி, சட்ட விவகாரங்களுக்கு வருவோம். மன்றத்துக்கும் ஓர் ஒப்பந்தக்காரருக்கும் வழக்கு நடக்கிறது எனக் கொள்வோம். மன்றத்தின் வழக்கறிஞர், “நம் பக்கம் இந்த இடத்தில் வலுவில்லை; இவ்வளவு தொகைக்குள் சமரசம் செய்துகொள்வது நன்று” என்று அறிவுரை கூறுகிறார். பார்வையாளர் இருக்கையில் எதிர்த்தரப்பினர் அமர்ந்திருந்தால் அந்த அறிவுரை அவர்களுக்கே பயன்படும். இழப்பு மதிப்பீட்டு வரி செலுத்துவோர் தலையில் விழும். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொழில்முறைப் பேச்சை 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு காப்பதும் இத்தகைய காரணத்தால்தான். மன்றமும் ஒரு கட்சிக்காரர். அப்பாதுகாப்பு அதற்கும் உண்டு. இந்த அளவில் கதவை மூடுவது முறையே.

ஆனால் காக்கப்படுவது அறிவுரை, பொருள் அன்று. இவ்விடத்தில்தான் சொற்கள் நம்மை வழுக்கச் செய்கின்றன. ‘சட்ட ஆலோசனை’ என்பது குறுகிய சொல். ‘சட்ட விவகாரம்’ என்பது எல்லையற்ற சொல். ஊராட்சி மன்றம் செய்யும் செயல்களில் சட்டத்தைத் தொடாதது எது? கடை உரிமம், கட்டட அனுமதி, கோயில் நிலம், அங்காடி இடமாற்றம் எல்லாமே ஏதேனும் ஒரு சட்டப் பிரிவின் கீழ் நடப்பவை. அகன்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் விலக்கு விதியை விழுங்கிவிடும். ஓர் அங்காடியை இடம் மாற்றலாமா என்பது கொள்கை. அதைத் திறந்த மன்றத்தில் பேசுதல் தகும். மாற்றினால் தொடுக்கப்படும் வழக்கில் வெற்றி வாய்ப்பு எத்தகையது என்பது ஆலோசனை. அதை மட்டும் மூடிய அறையில் கேட்கலாம். சமரசத்துக்கு முன் எவ்வளவு கொடுக்கலாம் என்பது மறைவாயிருக்கலாம். கொடுத்த பின் எவ்வளவு கொடுத்தோம் என்பது வரிப்பணத்தின் கணக்கு.

இங்கிலாந்தின் சட்டம் இவ்வெல்லையை எழுத்திலேயே வரைந்துள்ளது. அங்கு 1972-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் 1985-இல் சேர்க்கப்பட்ட விதிகள், எவ்வகைத் தகவலுக்காகக் கூட்டத்தை மூடலாம் எனப் பட்டியலிடுகின்றன. வழக்கறிஞர் அறிவுரைக்குரிய பாதுகாப்பு அவற்றுள் ஒன்று. மூடும் தீர்மானம் அந்த வகையைக் குறிப்பிட வேண்டும். வெளியிடுவதைவிட மறைப்பதே பொதுநலனுக்கு உகந்ததா என்பதையும் எடைபோட வேண்டும். நம் 23-ஆம் பிரிவு தீர்மானத்தைக் கேட்கிறது; காரணங்களின் பட்டியலைத் தரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப எஞ்சியிருப்பவை உறுப்பினரின் மனச்சான்றும் குடிமக்களின் கேள்வியுமே.

நம் நாட்டில் இக்கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்று 1968-இல் தன் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைவரையும், 8-க்குக் குறையாமலும் 24-க்கு மிகாமலும் உள்ள உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. வாக்குச் சீட்டால் உறுப்பினரை மாற்ற இயலாத குடிமகனுக்குக் கூட்டத்தில் அமர்ந்து காணும் உரிமை சிறியதன்று.

கிள்ளானுக்கு அந்தக் கதவேனும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வாசிக்கு அதுவும் இல்லை. 1960-ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி கோலாலம்பூரின் ஊராட்சி அதிகாரம் டத்தோ பண்டார் ஒருவரிடமே குவிந்துள்ளது. அறிவுரை வாரியம் ஆலோசனை கூறலாம், வாக்களித்து முடிவு செய்ய இயலாது. அங்கே குடிமக்கள் தட்டக்கூடிய கதவு பல வேளைகளில் நீதிமன்றத்தின் கதவே. தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் கட்டடம் எழுப்பத் தரப்பட்ட மேம்பாட்டு அனுமதி செல்லாது என்னும் தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதி செய்தது. அந்த முடிவை எட்டக் குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவர்மீது ஐயம் கொண்டு எழுதிய விதியாக அதைக் கொள்ள வேண்டுவதில்லை. ஐயம் எழாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

அடுத்த முறை முழு மன்றக் கூட்டத்தில் ‘சட்ட விவகாரம், பொதுமக்கள் வெளியேறலாம்’ என்று சொல்லப்பட்டால், எழுந்து செல்லும் முன் மதிப்போடு கேட்கலாம்: தீர்மானம் இயற்றப்பட்டதா? உள்ளே கேட்கப்போவது வழக்கறிஞரின் அறிவுரையா, அன்றி மன்றத்தின் முடிவா? முடிவு எப்போது வெளியில் அறிவிக்கப்படும்? இவற்றுக்கு விடை சொல்வதால் எந்த வழக்கும் தோற்றுவிடாது.