சிறையில் துடைப்பம் யார் கையில்? ஒரு விதியின் உள்குத்து

சிறைக் கையேடுகளில் இருக்கும் சாதிப் பாகுபாட்டை மூன்று மாதத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரி முதல் வாரத்தோடு கெடு முடிந்தது. வாசகர் கடிதங்களில் பாதி, ‘கைதியின் சாதிச் சான்றிதழ் இனி செல்லாதா?’ என்று கேட்கின்றன. மீதி, ‘இந்தக் காலத்திலுமா?’ என்கின்றன.

இந்தக் காலத்தில்தான். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் பல மாநிலக் கையேடுகள் கிழிபட்டன. மேற்கு வங்க விதி ஒளிவுமறைவில்லாதது: சமையலுக்குத் ‘தகுந்த சாதி’க் கைதி, கூட்டிப்பெருக்க மேதர், ஹாரி சாதியினர். இப்படிப் பச்சையாக எழுதிவைத்தால் கண்டுபிடித்து அடித்துவிடலாம்.

உத்தரப் பிரதேச விதி கெட்டிக்காரத்தனமானது. வெறுங்காவல் கைதியை இழிவான வேலை செய்யச் சொல்லக் கூடாது என்றது. நல்ல விதிதானே? கூடவே ஒரு விலக்கு: அப்படிப்பட்ட வேலை செய்து பழகிய வகுப்பையோ சமூகத்தையோ சேர்ந்தவராக இருந்தால் செய்யச் சொல்லலாம். எந்தச் சாதியின் பெயரும் இல்லை. தேவையும் இல்லை, பதிவேட்டில் சாதிக்கென ஒரு கட்டம் இருந்தது, வார்டர் அதைப் பார்த்துக்கொள்வார். ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனையோடு இருவர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் கொட்டடியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கக்கூஸ் கழுவப் போகிறார். அவர் வெளியே கணக்கு எழுதிப் பிழைத்தவராக இருக்கலாம், துடைப்பத்தையே தொட்டிராதவராகவும் இருக்கலாம். அவருடைய தாத்தா மீது ஊர் சுமத்திய வேலை இங்கே அவருடைய ‘பழக்கம்’ ஆகிவிடுகிறது. நீதிபதி எழுதாத தண்டனை இது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். இந்த உத்தரப் பிரதேசக் கையேட்டின் ஆண்டு 2022.

நம் பங்கும் உண்டு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் மோதல் தடுப்பு. அதிகாரிகள் சாதியைப் பிடித்துத் தொங்கும் இடத்திலெல்லாம் அதற்கு ‘சட்டம் ஒழுங்கு’ என்றுதான் பெயர். உயர் நீதிமன்றம் இந்தக் காரணத்தை ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அமெரிக்காவிலும் இதே பாட்டுதான். கலிஃபோர்னியா சிறைகளில் புதிதாக வருவோரை 60 நாள்வரை இனவாரியாக அறைகளில் அடைத்தார்கள். கும்பல் சண்டையைத் தவிர்க்கவாம். இனத்தை வைத்துப் பிரிப்பது சிறையிலும் மிகக் கடுமையான சட்டச் சோதனையைத் தாண்டியாக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. இரண்டு ஊரிலும் ஒரு கேள்விக்குப் பதிலில்லை: அடிதடியைத் தடுக்கத்தானே காவலர்கள் இருக்கிறார்கள்?

மற்ற கேள்விகள்.

சான்றிதழ்? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிறைப் பதிவேட்டில் உள்ள சாதிக் கட்டத்தைத்தான் நீக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சிறையில் வேலையே கிடையாதா? கடுங்காவல் கைதிக்கு உண்டு, சாதி பார்த்துப் பங்கிடக் கூடாது.

சாக்கடைக் குழி? கையால் மலம் அள்ளும் வேலைக்கான 2013-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் சிறைக்கும் பொருந்தும்.

‘வழக்கமான குற்றவாளி’? 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் ஒழிந்தது. அது முத்திரை குத்திய சீர்மரபினர் மீதான சந்தேகம் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற பெயரில் கையேடுகளுக்குள் குடியேறியது. மாநிலச் சட்டம் தரும் வரையறைக்கு வெளியே இனி யாரையும் அப்படி அழைக்கக் கூடாது.

கட்டத்தை அழித்தால் சாதி தெரியாதா? பெயர், அப்பா பெயர், ஊர், தெரு எல்லாம் அதே பதிவேட்டில் இருக்கின்றன.

யார் கண்காணிப்பார்கள்? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். பார்வையாளர் குழுவில் அதிகாரிகளும் உண்டு.