3 லட்சம் லோன் போட்டு காருக்கு சூப்பர்சார்ஜர்? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

ஆம்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கிங் வேலை. கையில வர்ற சம்பளம் 38,000 ரூபாய். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கு. "அண்ணா, 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்து சூப்பர்சார்ஜர் கிட் வாங்கி, வீட்டு வாசல்லயே நானும் ஃப்ரெண்டும் மாட்டிடலாம்னு இருக்கோம். சரியா வருமா?" கூடவே இன்னொரு வரியும் இருந்துச்சு: அம்மாவை மாசம் ஒரு தடவை வேலூர் சி.எம்.சி.க்கு செக்கப்புக்கு கூட்டிட்டுப் போறதும் இதே கார்லதான்.

ஆசை தப்பில்லைங்க. ஆனா கணக்கு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

முதல்ல, அது என்ன பண்ணுது?

இன்ஜின் சாதாரணமா வெளிக்காத்தைத் தானா இழுத்துக்கும். சூப்பர்சார்ஜர், இன்ஜின் சுத்துற பலத்தையே பெல்ட் மூலமா வாங்கி, காத்தை அமுக்கி உள்ள தள்ளும். டர்போவுக்கு அந்தப் பலம் புகையில இருந்து கிடைக்குது. காத்து அதிகமானா பெட்ரோலும் அதிகமா எரியும், பவர் ஏறும்.

பிரச்சினை இங்கதான். காத்தை அமுக்கினா அது சூடாகும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின்ல கம்ப்ரஷன் ஏற்கெனவே அதிகமா வெச்சிருப்பாங்க. அதுல பூஸ்ட்டும் சேர்ந்தா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு, பிஸ்டன் வரைக்கும் அடி வாங்கும். அதைத் தடுக்க இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், ஈ.சி.யூ. டியூனிங், சில சமயம் புது கிளட்ச், பிரேக்னு செலவு நீளும். கிட் விலை வெறும் ஆரம்பம்தான்.

லாஸ்டிங் மெஷின்ல அப்பரை அளவுக்கு மேல இழுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? தோல்ல வெடிப்பு விழுந்துடும். இன்ஜினும் அப்படித்தான்.

லோன் கணக்கு

3 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னு வெச்சுக்குவோம். ஈ.எம்.ஐ. சுமார் 10,250 ரூபாய். மொத்தம் கட்டுறது 3.69 லட்சம், அதுல வட்டி மட்டும் 69,000. அதாவது சம்பளத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல போயிடும்.

அதே 10,250-ஐ 6.5% வட்டியில ஆர்.டி. போட்டா, 3 வருஷம் கழிச்சு கையில 4 லட்சத்துக்கு மேல இருக்கும். கிட் மாட்டின பழைய காரை விக்கப் போனா? பெரும்பாலானவங்க "இன்ஜின்ல கை வெச்ச வண்டி"னு விலையைக் குறைச்சுத்தான் கேப்பாங்க.

சட்டம், இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில இருக்கிற விவரங்களுக்கும் முரண்பாடு வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி பண்ணிச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ரெண்டுமேனு வழி இருக்கு.

சி.என்.ஜி. கிட் மாட்டுறாங்களேனு கேப்பீங்க. அது அங்கீகாரம் வாங்கின கிட், ஆர்.டி.ஓ. மூலமா ஆர்.சி.யில பதிவாகும், இன்சூரன்ஸ்லயும் சேர்ப்பாங்க. வாசல்ல மாட்டுற சூப்பர்சார்ஜருக்கு இந்த மூணுமே இல்ல.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம மாத்திட்டா, நாளைக்கு விபத்துனு வரும்போது உங்க வண்டிக்கான க்ளெய்மை நிராகரிக்க அது ஒரு காரணமாயிடும். அப்போ வண்டியும் இருக்காது, ஈ.எம்.ஐ. மட்டும் ஓடிட்டே இருக்கும்.

அப்போ என்ன பண்ணலாம்?

1. முதல்ல இருக்கிற காரைச் சரி பண்ணுங்க: நல்ல டயர், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், கூலன்ட். ஓட்டும்போதே வித்தியாசம் தெரியும்.

2. அந்த 10,250-ஐ லோன் இல்லாம சேமிங்க. கொஞ்சம் சேர்ந்ததும் ஸ்விஃப்ட்டை வித்து, கம்பெனியே டர்போ வெச்சுக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் காருக்கு மாறுங்க. பலேனோ ஆர்.எஸ்., போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., நெக்ஸான் பெட்ரோல், வென்யூ 1.0 டர்போ எல்லாம் இந்த வகை. அந்த பூஸ்ட்டுக்குன்னே வடிவமைச்ச இன்ஜின், ஆர்.சி. சிக்கல் இல்ல.

3. வேகம்தான் வேணும்னா, நீங்க தினம் பார்க்கிற அதே சென்னை ஹைவேயில இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக் இருக்கு. பைபாஸ்ல ஆசையைத் தீர்த்துக்காதீங்க.

தம்பி, அம்மா பின்சீட்ல உக்கார்ற வண்டி அது. பள்ளிகொண்டா தாண்டி நடுவழியில பெல்ட் அறுந்து நின்னா, எத்தனை குதிரைத்திறன் ஏத்தினோம்ங்கிறது அப்போ உதவாது.

உங்க கார்ல இப்படி ஏதாவது மாத்தணும்னு ஆசை இருக்கா? பட்ஜெட்டையும் சம்பளத்தையும் கமென்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்கு போட்டுப் பார்க்கலாம்.