மேசையும் கணினியும்

காவிரி ஒருபுறமும் கொள்ளிடம் மறுபுறமும் சூழ்ந்து செல்ல, நடுவே ஆற்றிடைக்குறையாக விளங்குவது திருவரங்கம். 236 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால், சித்திரை வீதியும் உத்தர வீதியும் திருக்கோயிலைச் சுற்றி அமைந்திருக்கக் காணலாம். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு, அவ்வீதிகளில் இருந்த இல்லங்கள் பலவற்றில் கூடத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை இருந்தது. மேசையின்மேல் ஒரு கணினி இருந்தது. கணினியின்மேல் தூசி படாதவாறு துணியுறை ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. ஆயுத பூசை நாளில் அதற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபட்டனர். விருந்தினர் வந்தால் வீட்டார் அதனைப் பெருமையோடு காட்டினர்.

அந்த மேசை இன்று பல வீடுகளில் இல்லை. அது நின்ற மூலையில் துணி தேய்க்கும் பலகை நிற்கின்றது. பழம்பொருள் வாங்குவோரின் தள்ளுவண்டியில், துருப்பிடித்த வாளியோடும் கால் ஒடிந்த நாற்காலியோடும் கணினிப் பெட்டியும் ஏறிச் செல்வதை யான் பலமுறை கண்டிருக்கின்றேன். வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உள்ளது. ஆதலின், மேசைக் கணினியின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் கூறுகின்றனர். அக்கூற்று உண்மைதானா? அன்றாட வாழ்வில் அதற்கு இனி இடமே இல்லையா? இவற்றை ஆராய்ந்து அறிதல் மாணவர்க்கு மிகவும் இன்றியமையாதது. ஏன் இன்றியமையாதது என்பதை முடிவில் காண்போம்.

முதற்கண் கணினி மேசைக்கு வந்த கதையை அறிதல் வேண்டும். 1946ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகிற்குக் காட்டப்பெற்ற 'எனியாக்' என்னும் கணினி, ஒரு பெரிய அறையை முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் எடை ஏறத்தாழ 30 டன். அதனுள் எரிந்த வெற்றிடக் குழல்கள் ஏறத்தாழ 18,000. நம் நாட்டில், கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு கணினியை வரவழைத்து நிறுவியது. அக்காலத்தில் கணினி இருக்கும் இடத்தை நாடி மனிதன் சென்றான். மனிதன் இருக்கும் இடத்தை நாடிக் கணினி வரவில்லை.

1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரு சிறு சில்லில் அடக்கிக் காட்டியது. கணினியின் மூளையே விரல் நகத்தின் அளவாகச் சுருங்கிவிட்டது. அதன் பயனாக, 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் மேசைமேல் வைத்துத் தனியொருவர் பயன்படுத்தத்தக்க கணினியை வெளியிட்டது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது. திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பயின்று, பொறியாளராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற சுஜாதா, கணினியின் இயல்பை எளிய தமிழில் விளக்கி எழுதி, அதன்மேல் மக்களுக்கு இருந்த அச்சத்தைப் போக்கினார். மெல்ல மெல்லக் கணினி அலுவலகங்களிலும், பின்னர்க் கடைகளிலும், பின்னர் இல்லங்களிலும் குடிபுகுந்தது. வீட்டில் கணினி இல்லாதோர், 'பிரவுசிங் சென்டர்' என்று மக்கள் வழங்கிய இணைய மையங்களை நாடினர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அம்மையங்களின் வாயிலில் மாணவரும் பெற்றோரும் நெஞ்சு படபடக்கக் காத்து நின்ற காட்சியை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

அந்தக் கணினி இல்லத்தை விட்டு நீங்கியது எவ்வாறு? இருப்பூர்திப் பயணச்சீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1985ஆம் ஆண்டில் தில்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் பரவியது. அப்போதும் பயணி நிலையத்திற்குச் சென்று வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டில் இணையவழிப் பதிவு வந்தது. வீட்டு மேசையின்முன் அமர்ந்தே சீட்டுப் பெறுதல் இயன்றது. இன்றோ, திருச்சிச் சந்திப்பிற்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்தபடியே கைப்பேசியில் சீட்டுப் பெறுகின்றோம். நிலையத்திலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து உள்ளங்கைக்கும் அவ்வேலை இடம் பெயர்ந்துவிட்டது.

இதற்குக் காரணங்கள் பல. இன்றைய உயர்வகைக் கைப்பேசியின் சில்லில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அதற்கு மின்கம்பி வேண்டுவதில்லை. மின்தடை நேர்ந்தாலும் நின்றுவிடுவதில்லை. புகைப்படக் கருவியும், கடிகாரமும், வானொலியும், வழிகாட்டும் நிலப்படமும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. விலையும் குறைவு. 2007ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனும், அடுத்த ஆண்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வந்தபின் இம்மாற்றம் விரைவு பெற்றது. மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினியும் பெருகியது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், உலகில் இணையப் பக்கங்களைக் காண்போர் கைப்பேசியையும் பட்டிகையையும் பயன்படுத்திய அளவு, மற்றைக் கணினிகளைப் பயன்படுத்திய அளவை முதன்முறையாக விஞ்சியது என்று 'ஸ்டாட்கவுண்ட்டர்' என்னும் நிறுவனம் கணக்கிட்டு அறிவித்தது. செய்தி படித்தல், பணம் செலுத்தல், உறவினரோடு உரையாடல் போன்ற சிறு வேலைகளுக்கு மேசைக் கணினி இனித் தேவையில்லை என்பது வெளிப்படை. இவ்வளவில் மக்கள் கூற்று உண்மையே.

ஆயினும், திருச்சிராப்பள்ளி நகரை ஒருமுறை சுற்றி வருவோம். சந்திப்பு நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்திற்குள் எட்டிப் பாருங்கள். அங்கு இருப்பது மேசைக் கணினி. வங்கியில், அஞ்சலகத்தில், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் இ-சேவை மையத்தில், மருத்துவமனையின் பதிவு அறையில் இருப்பதும் அதுவே. திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடையில் எழுத்துக் கோப்பவர் அதன்முன்தான் அமர்ந்திருக்கின்றார். பெரிய எந்திரத்திற்கு வரைபடம் வரையும் பொறியாளரும் அகன்ற திரையைத்தான் நாடுகின்றார்.

இவர்கள் பழமையில் பற்றுக்கொண்டு இவ்வாறு செய்கின்றனர் அல்லர். இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. சில்லு விரைந்து வேலை செய்யுங்கால் வெப்பம் பிறக்கும். கைப்பேசியின் மெல்லிய உடலில் அவ்வெப்பம் வெளியேற வழி குறைவு. ஆதலால் அது சில வாட் மின்னாற்றலோடு அமைதல் வேண்டும். சூடு மிகுந்தால் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைக் கணினியிலோ காற்றாடியும் காற்று உலாவ இடமும் உள்ளன. 65 வாட்டும் அதற்கு மேலும் கொள்ளும் சில்லு அதில் நாள் முழுதும் தளராது இயங்கும். மேலும், அதன் உறுப்பு ஒன்று பழுதானால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். திரை கெட்டால் திரை. விசைப்பலகை கெட்டால் விசைப்பலகை. கைப்பேசியில் சிறு பழுது நேரினும் முழுவதையும் பிரித்தல் வேண்டும்.

மற்றொன்றும் நாம் எண்ணத்தக்கது. கைப்பேசியில் நாம் ஒரு பொத்தானைத் தொட்டவுடன் பணம் சென்று சேர்கின்றது. அவ்வேலையைக் கைப்பேசி தானே முடிப்பதில்லை. தொலைவில் உள்ள தரவு மையங்களில் இரவும் பகலும் இயங்கும் பெருங்கணினிகள் கணக்கைச் சரிபார்த்து விடை அனுப்புகின்றன. கைப்பேசி வாயில் போன்றது. மாளிகை வேறோரிடத்தில் உள்ளது. கைப்பேசியில் இயங்கும் செயலிகளை எழுதுவோரும் பெரும்பாலும் விசைப்பலகையுடைய கணினியின்முன் அமர்ந்தே எழுதுகின்றனர்.

நம் தமிழ்மொழியும் மேசைக் கணினிக்குக் கடன்பட்டுள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்னும் முயற்சியில், பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் தத்தம் கணினியின்முன் அமர்ந்து, ஊதியம் கருதாமல், பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றினர். 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை அமைந்தது. அதன் அமைப்பு இலக்கணம் கற்றோர்க்கு மகிழ்ச்சி தருவது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் அதில் பெறலாம். உயிர்கள் இடக்கைப் பக்கம் உள்ளன; மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் உள்ளன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளை முறையே தட்டினால் போதும். இடையிலுள்ள மகரத்திற்குப் புள்ளி தானே அமைகின்றது. இறுதியில் மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகின்றது. வகுப்பில் நாம் கற்கும் எழுத்தியல், விரல் நுனியில் நிகழக் காண்கின்றோம்.

யான் என் அனுபவம் ஒன்றையும் இங்குக் கூறுவேன். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய நூல் ஒன்றின் இரு பதிப்புகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறிக்கத் தொடங்கினேன். முதலில் கைப்பேசியில் முயன்றேன். ஒரு பதிப்பைப் பார்த்துவிட்டு மற்றதைத் திறப்பதற்குள் முன்னது மறைந்தது, மறந்தும் போயிற்று. ஒரே வரியைப் பத்து முறை தேடினேன். பின்னர், வீட்டில் உறையிட்டு மூடியிருந்த மேசைக் கணினியைத் திறந்து, இரு பதிப்புகளையும் அகன்ற திரையில் அருகருகே நிறுத்தினேன். முதற்பக்கத்திலேயே, கைப்பேசியில் என் கண்ணுக்குத் தப்பிய மூன்று வேறுபாடுகள் புலப்பட்டன. பார்வை ஒன்றே, பார்க்கும் இடம் அகன்றவுடன் கருத்தும் அகன்றது.

இனி, இச்செய்தி மாணவர்க்கு ஏன் இன்றியமையாதது என்பதைக் காண்போம். எங்கள் வீதியில் ஒரு மாணவி இருக்கின்றாள். கைப்பேசியில் அவள் விரல்கள் ஓடும் விரைவு வியக்கத்தக்கது. பொறியியற் படிப்பிற்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை எழுதச் சென்றாள். அத்தேர்வு 2019ஆம் ஆண்டு முதல் கணினி வழியாகவே நடைபெறுகின்றது. அவள் வீட்டில் கணினி இல்லை. பள்ளியில் இருந்த கணினியை அவள் நாடவும் இல்லை. தேர்வுக் கூடத்தில் சுட்டியைப் பிடித்து, அம்புக்குறியைச் சரியான விடையின்மேல் நிறுத்தவே முதற்சில நிமிடங்கள் கை நடுங்கின. "தாத்தா, விடை எனக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை" என்று திரும்பி வந்து கூறினாள். அச்சொல் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மடிக்கணினி கிடைத்துவிடும். கைப்பேசி ஒன்றே போதும் என்று எண்ணி ஏமாறுவது எளியவர் வீட்டுப் பிள்ளையே ஆகும். ஆகவே, பள்ளிக் கணினிக் கூடத்திற்கு ஒதுக்கப்பெற்ற வகுப்பு நேரத்தை ஒருநாளும் வீணாக்கலாகாது. பத்து விரல்களாலும் தமிழையும் ஆங்கிலத்தையும் தட்டப் பழகுதல் வேண்டும். ஒரு கட்டுரையைத் தொடங்கி, திருத்தி, முடிக்கும் வரை ஓரிடத்தில் அமர்ந்திருக்கப் பழகுதல் வேண்டும்.

புதியது வந்தால் பழையது முற்றும் அழிந்தே தீரும் என்பது விதியன்று. நம் ஊர்க் காவிரியே இதற்குச் சான்று. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் மேலணை கட்டினார். அதனால், கிழக்கே கரிகாலன் பெயரால் விளங்கும் கல்லணை பயனற்றுப் போகவில்லை. கொள்ளிடத்தில் மிகுதியாக ஓடிய நீரைக் காவிரிக்குத் திருப்புவது மேலணையின் வேலை. வந்த நீரை வயல்களுக்குப் பங்கிட்டு அனுப்புவது கல்லணையின் வேலை. 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் மேலணையின் ஒரு பகுதி உடைந்தது; கல்லணை இன்றும் தன் பணியைச் செய்து வருகின்றது. ஒரு கருவி பயன்படுமா என்பதை அதன் வயது முடிவு செய்வதில்லை. அது செய்யும் வேலையே முடிவு செய்கின்றது.

கைப்பேசியும் மேசைக் கணினியும் அத்தகையனவே. நடந்துகொண்டே செய்யத்தக்க வேலைக்குக் கைப்பேசி போதும். அமர்ந்து செய்யவேண்டிய வேலைக்கு அகன்ற திரையும் விசைப்பலகையும் வேண்டும். இனி வருங்காலத்தில் அந்தப் பெரிய பெட்டி மேலும் சுருங்கலாம். மடிக்கணினியே அதன் இடத்தை முழுவதும் பெறலாம். வேறு வடிவமும் தோன்றலாம். அதுபற்றி வருந்த வேண்டுவதில்லை. ஆனால், ஒரு வேலையின்முன் பொறுமையோடு அமரும் பழக்கம் அப்பெட்டியோடு வீட்டை விட்டுப் போய்விடலாகாது. பெட்டி போனாலும் மேசை இருக்கட்டும்.