கவலை இல்லாத மாளிகைக்கு வந்த கவலை!

தாய்லாந்துக் கடலோரத்தில் மன்னர்கள் ஓய்வெடுத்த ஊர்கள்

தாய்லாந்து நாட்டின் பழைய பெயர் சயாம். கடற்கரையைப் பார்க்க அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்களின் பெயரைத்தான் சொல்வார்கள். ஒன்று பட்டாயா. மற்றொன்று புக்கெட்.

ஆனால், சயாம் மன்னர்கள் கடற்காற்று வாங்கப் போன ஊர் வேறு. அதன் பெயர் ஹுவாஹின்.

தலைநகரான பாங்காக்கில் இருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோ மீட்டர் தூரத்தில் இந்த ஊர் இருக்கிறது. "ஹுவா" என்றால் தலை. "ஹின்" என்றால் கல். கடற்கரையில் பெரிய பெரிய பாறைகள் தலை நீட்டிக் கொண்டு நிற்கின்றன. அதனால் வந்த பெயர் இது.

ஹுவாஹினில் தங்கிக்கொண்டு, பக்கத்துக் கடலோர ஊர்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பி விடலாம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மன்னரின் கதை இருக்கிறது.

ரெயில் வந்தது, ஊர் வளர்ந்தது

ஒரு காலத்தில் ஹுவாஹின் ஒரு மீனவர் கிராமம். 1911-ம் ஆண்டில் அங்கே ரெயில் பாதை வந்தது. பிறகு அந்தப் பாதை தெற்கே நீண்டு, மலேயா வரை போயிற்று.

பாங்காக் நகரத்துச் செல்வர்கள் ரெயில் ஏறிக் கடலைப் பார்க்க வந்தார்கள். 1923-ல் ரெயில்வே இலாகாவே அங்கு ஓர் ஓட்டல் கட்டியது. அடுத்த ஆண்டில் கோல்ப் மைதானம் வந்தது.

ஹுவாஹின் ரெயில் நிலையம் மரத்தால் ஆனது. சிவப்பும் வெண்மையும் கலந்த வண்ணம். பார்ப்பதற்குப் பொம்மை வீடு போல் இருக்கும். பக்கத்திலேயே மன்னர் குடும்பத்துக்குத் தனிக் காத்திருப்பு மண்டபம் உண்டு. 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் ரெயில்கள் பக்கத்தில் உள்ள புதிய உயர்மட்ட நிலையத்தில் நிற்கின்றன. பழைய நிலையத்தை இடிக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்து இருக்கிறார்கள்.

சவுக்கு மர நிழலில்

ஹுவாஹினுக்கு வடக்கே சுமார் 25 கிலோ மீட்டர் போனால் சா-அம் என்ற ஊர் வரும். இங்கு வெளிநாட்டாரைவிடத் தாய்லாந்து மக்களே அதிகம். சனி, ஞாயிறுகளில் பாங்காக்கில் இருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் வருவார்கள்!

கடற்கரை ஓரமாகச் சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த நிழலில் உட்கார்ந்து பொரித்த மீனும் சோறும் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் காற்று அடைத்த ரப்பர் வளையங்களைப் பிடித்துக்கொண்டு அலையில் விளையாடும்.

1,080 தூண்கள்

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஓர் அரண்மனை இருக்கிறது. அதன் பெயர் மிருகதாயவனம். காசிக்கு அருகே சாரநாத்தில் புத்தர் முதன் முதலாக உபதேசம் செய்த மான் தோப்புக்கும் அதே பெயர்தான். அரண்மனை கட்டிய இடத்திலும் மான்கள் மேய்ந்தன. அதனால் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

இதைக் கட்டியவர் மன்னர் வஜிராவுத். அவருக்கு மூட்டு வாதம் இருந்தது. "கடற்காற்று உடம்புக்கு நல்லது" என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆகவே 1923-ல் வேலை தொடங்கியது. வேறு ஒரு கடற்கரையில் இருந்த பழைய மாளிகையைப் பிரித்து, அதன் தேக்கு மரங்களைக் கொண்டு வந்தார்கள். இத்தாலி நாட்டுச் சிற்பி ஒருவர் படம் போட்டுக் கொடுத்தார்.

அரண்மனை முழுவதும் 1,080 தூண்களின் மேல் நிற்கிறது. தரைக்கும் மாளிகைக்கும் நடுவே காற்று புகுந்து வரும். ஒவ்வொரு தூணின் அடியிலும் சிறு கால்வாய் போல் பள்ளம் வைத்து, அதில் தண்ணீர் ஊற்றினார்கள். எதற்காக? எறும்பு ஏறாமல் இருப்பதற்காக! நம் வீடுகளில் பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது உண்டு அல்லவா? அதே யுக்திதான்.

இவ்வளவு ஆசையாகக் கட்டிய மாளிகையில் மன்னர் தங்கியது இரண்டே கோடைகாலம். 1925-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுதான் அவருடைய ஒரே குழந்தை. அடுத்த இரண்டாம் நாள் மன்னர் இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 44.

மன்னருக்கு வந்த செய்தி

வஜிராவுத்துக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய தம்பி. அவர் பெயர் பிரஜாதிபோக். அவரும் ஹுவாஹினில் தம் சொந்தப் பணத்தில் ஒரு மாளிகை கட்டினார். அதற்கு "கிளாய் காங்வான்" என்று பெயர் வைத்தார். "கவலைக்கு வெகு தூரம்" என்று அதற்குப் பொருள்.

ஆனால் கவலை, வழி கேட்டுக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்தது!

1932-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. மன்னரும் ராணியும் அந்த மாளிகையில் தங்கி இருந்தார்கள். அன்று விடியற்காலையில் பாங்காக்கில் ராணுவ அதிகாரிகளும் படித்த இளைஞர்களும் சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்றி விட்டார்கள். "சட்டத்துக்கு உட்பட்ட மன்னராக இருக்கச் சம்மதமா?" என்று அவர்கள் கேட்டார்கள்.

மன்னர் படையைத் திரட்டவில்லை. பக்கத்து நாட்டுக்கு ஓடவும் இல்லை. ரத்தம் சிந்தக் கூடாது என்று எண்ணிச் சம்மதித்தார். ரெயில் ஏறிப் பாங்காக் திரும்பினார். பல நூறு ஆண்டுகளாக நடந்து வந்த தனி முடியாட்சி அத்துடன் முடிந்தது. 1935-ல் அவர் பட்டத்தையும் துறந்தார். 1941-ல் இங்கிலாந்தில் காலமானார்.

குகைக்குள் ஒரு மண்டபம்

ஹுவாஹினுக்குத் தெற்கே காரில் சுமார் ஒரு மணி நேரம் போனால் சாம்ரோய்யோட் என்ற இடம் வரும். "முந்நூறு சிகரங்கள்" என்று பொருள். கடலை ஒட்டிச் சுண்ணாம்புக் கல் மலைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. 1966-ல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

இங்கே ஒரு பெரிய குகை இருக்கிறது. அதன் கூரையில் பெரிய துவாரம். காலை பத்தரை மணிக்கு மேல் அதன் வழியாக வெயில் விழும். வெயில் விழும் இடத்தில் அழகான சிறு மண்டபம் ஒன்று மின்னும். 1890-ல் மன்னர் சூளாலங்கரணுக்காகக் கட்டிய மண்டபம் அது. மலை ஏற்றம் செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் கடற்கரையிலேயே இருந்து விடுவது நல்லது.

கிரகணம் பார்த்த மன்னர்

இன்னும் தெற்கே பிரச்சுவாப் நகரம். அதையும் தாண்டினால் வாக்கோ என்ற கடற்கரை.

மன்னர் மோங்குட் வான சாஸ்திரம் கற்றவர். 1868-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணம் வரும் என்றும், வாக்கோவில் அது நன்றாகத் தெரியும் என்றும் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். வெள்ளைக்கார விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அங்கு போனார். சொன்னபடியே பட்டப்பகலில் இருள் சூழ்ந்தது!

அதே நாளில், அதே கிரகணத்தை, அப்போது சென்னை ராஜதானியில் இருந்த குண்டூரிலும் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் பார்த்தார். சூரிய ஒளியில் அன்று அவர் கண்ட மஞ்சள் கோடு, ஹீலியம் என்ற புதிய வாயுவைக் கண்டுபிடிக்க வழி காட்டியது.

வாக்கோவில் கொசுக்கள் அதிகம். மன்னருக்கும் இளவரசருக்கும் மலேரியா கண்டது. இளவரசர் பிழைத்தார். மன்னர் அக்டோபர் முதல் தேதி இறந்தார். 15 வயதுப் பையனாகப் பட்டத்துக்கு வந்த அந்த இளவரசர்தான் சூளாலங்கரண். ஆகஸ்டு 18-ந் தேதியைத் தாய்லாந்து மக்கள் விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

போகிறவர்கள் கவனிக்க

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும். கடலில் சொறி மீன்களும் வரக்கூடும்.

ஊருக்குள் போக "சாங்தேவ்" என்ற வண்டி உண்டு. லாரி போன்ற வண்டியில் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள் இருக்கும். கட்டணம் குறைவு.

அரண்மனைக்கும் கோவிலுக்கும் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துப் போக வேண்டும். பழுது பார்க்கும் வேலைக்காக மூடி வைப்பதும் உண்டு. ஆகவே, முதல் நாளே விடுதியில் விசாரித்துக் கொள்வது நல்லது.

ஹுவாஹின் கடற்கரையின் தென்கோடியில் தக்கியாப் என்ற குன்று இருக்கிறது. மேலே கோவில், கீழே கடலைப் பார்த்தபடி உயரமான புத்தர் சிலை. அங்கே போகும்போது கையில் வாழைப்பழம் மட்டும் வேண்டாம். அங்குள்ள குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய் விடும்!