கொதிக்கும் எஞ்சினும் ‘அடுத்த சந்தி’யும்

தமிழாசிரியனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று பழைய மாணவர் சிலர் முறுவலித்தல் கூடும். எனினும், இம் மலரைக் கையில் எடுப்போருள் வண்டி வைத்திருப்போர் மிகப் பலர். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதைக் கண்டும், ‘அடுத்த சந்தி வரை போய்ப் பார்ப்போம்’ என்று செலுத்துவோரும் அவருட் பலர். அந்த அடுத்த சந்தியின் விலை யாது என்பதையே ஈண்டுச் சொல்லப் புகுந்தேன்.

பெற்றோல் எரிந்து தரும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுகின்றது என்று எண்ணுதல் பொருந்தாது. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகின்றது. இன்னொரு பங்கு புகையோடு போகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியை, எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் சுமந்து சென்று றேடியேற்றரிற் காற்றுக்குக் கொடுக்கின்றது. சிலிண்டரினுள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசுக்கு மேற்படும். பிஸ்ரனுக்குரிய அலுமினியமோ 660 பாகையில் உருகும் இயல்பினது. அது உருகாது நிற்பதற்குக் காரணம், நீரும் எண்ணெயும் கணமும் ஓயாது வெப்பத்தை அகற்றி வருவதேயாம்.

றேடியேற்றரின் மூடி தூசியைத் தடுப்பதற்கு மாத்திரம் இட்டதன்று. அது நீரை அழுத்தத்தில் வைத்திருப்பது. வளிமண்டல அழுத்தத்தின் மேல் அவ்வளவு அழுத்தம் இன்னும் ஒரு மடங்கு சேருமாயின், நீர் 100 பாகையிற் கொதியாது 120 பாகையளவிலேயே கொதிக்கும். மூடியின் றப்பர் தேய்ந்துவிட்டால் இவ்வுதவி போய்விடும். மலைநாட்டில் நிலைமை இன்னும் மோசம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் மிகுதியாக உழைக்க, நீரோ விரைவிற் கொதிக்கின்றது.

நீர் கொதிப்பதற்குக் காரணங்கள் பல: குழாய் வெடித்தல், நீர்ப் பம்பியைச் சுழற்றும் பெல்ற் அறுதல், தேர்மோஸ்ரற் திறவாது இறுகிப்போதல் முதலியன. யாழ்ப்பாணத்தார்க்கு இவற்றோடு இன்னுமொன்று உண்டு. நமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடு ஊறி வருவது. தேநீருக்கு நீர் காய்ச்சும் கேத்திலின் உள்ளே படியும் வெள்ளைப் படிவை அறியாத வீடு நம்மூரில் இல்லை. அதே படிவு றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் படிந்து நீரோட்டத்தை ஒடுக்குகின்றது. காய்ச்சி வடித்த நீருடன் குளிர்வுத் திரவத்தைக் கலந்து விடுதலே முறை. கிணற்று நீரை அவசரத்துக்கு ஊற்றலாம், வழக்கமாக்கல் ஆகாது.

இனி, முள்ளைப் பாராது ஓட்டினால் நிகழ்வது யாது? முதலில் எஞ்சினின் தலைப்பகுதி வளைகின்றது. பல வண்டிகளில் தலை அலுமினியம், உடல் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது. ஆணிகளோ அதனை இறுகப் பிடித்திருப்பன. ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு வளைந்தாலும், இடையிலுள்ள காஸ்கற் தன் வேலையை இழந்துவிடும். பின்னர் நீர் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் புகும். வெப்பத்தால் முன்னரே நீர்த்துப்போன எண்ணெய் வழுக்கும் தன்மையை மேலும் இழக்கும். பிஸ்ரன் விரிந்து சிலிண்டரின் சுவரை உராய்ந்து கீறும். ஈற்றில் இறுகி நின்றுவிடும். ஓடும் வேகத்தில் எஞ்சின் நின்றால் பிறேக்கும் ஸ்ரியரிங்கும் கடினமாகிவிடும் என்பதையும் நினைத்தல் வேண்டும். வெடித்த குழாய்க்குச் சிறு தொகை போதும். இறுகிய எஞ்சினைத் திருத்தும் செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிவிடுவதும் உண்டு.

மாணவரோடு ஒருமுறை கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வானிற் சென்றோம். றம்பொடை ஏற்றத்தில் முள் மேலேறி, சற்று நேரத்தில் தானாகவே இறங்கிற்று. முன்னாசனத்திலிருந்த நான், “முள் இறங்கிவிட்டது அண்ணை, இனிப் பயமில்லைத்தானே?” என்றேன். சாரதி வண்டியை ஓரமாக்கியபடியே, “தண்ணி முழுக்கப் போனாலும் முள் இறங்கும், மாஸ்டர்” என்றார். அவர் சொன்னது முற்றும் உண்மை. வெப்பத்தை அளக்கும் உறுப்பு நீரில் அமிழ்ந்திருந்தாலன்றிச் சரியாகக் காட்டாது. நீர் வற்றியபின் அது பொய்யே சொல்லும். குழாயொன்று கிழிந்திருந்தது. அதனைக் கட்டி, ஆறவிட்டு, நீர் நிரப்பிப் புறப்பட மூன்று மணி நேரமாயிற்று. ஹக்கலைப் பூந்தோட்டத்தைக் காணாத வருத்தத்தில் மாணவர் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முள் ஏறக் கண்டவுடன் குளிரூட்டியை நிறுத்துக. பாதுகாப்பான இடம் சற்றுத் தொலைவாயின், வண்டியில் வெப்பமூட்டி இருந்தால் அதனை முழுதும் திறந்துவிடுக. எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பங்கு அவ்வழியாக வெளியேறும். நம் நாட்டு வெயிலில் இது தண்டனை போலத் தோன்றினும் சில நிமிடங்களே. பின் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. அரை மணி நேரமாவது மூடியிற் கைவைத்தல் ஆகாது. அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர், மூடி திறந்த அக்கணமே ஆவியாகிப் பொங்கும். ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 1,600 பங்கு ஆவியாக விரிவது. முகமும் கையும் வெந்து வைத்தியசாலைக்குச் சென்றோர் இவ்வவசரத்தினாற் சென்றவரே. விசிறியின் அருகிலும் கையை நீட்டற்க. இக்காலத்து மின்விசிறிகள் எஞ்சின் நின்ற பின்னரும் தாமாகச் சுழலும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்ந்த நீரை வாரி ஊற்றுதலும் தவறு. சுடுகின்ற உலோகம் சட்டெனக் குளிர்ந்தால் வெடித்துவிடும்.

நன்கு ஆறிய பின் நீரை நிரப்புமுன், எண்ணெய் பார்க்கும் கோலை உருவிப் பார்த்தல் நன்று. எண்ணெய் பால்விட்ட கோப்பியின் நிறமாக இருக்குமாயின், நீர் உள்ளே புகுந்துவிட்டது. அவ்வண்டியை மீண்டும் இயக்காது, கட்டி இழுத்தே கராச்சுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.