கணக்கை உள்ளே எழுதினால் போதுமா? வெளியே எடுக்க வழி உண்டா?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் பேரேட்டை மூடி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பில் போடுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது, வாடிக்கையாளர் பாக்கி எழுதுவது, ஜி.எஸ்.டி. படிவத்துக்குத் தொகை எடுப்பது யாவும் அதிலேயே நடக்கின்றன. மென்பொருள் வாங்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள். விலை என்ன? பில் சீக்கிரம் வருமா? இவ்விரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. இதில் எழுதிய கணக்கை வேறொரு நாள் முழுமையாக வெளியே எடுக்க முடியுமா?

இக்கேள்வியின் அருமையை நமக்கு முன்பே உணர்ந்தவர்கள், இணையத்தில் பொழுதுபோக்காக வலைப்பதிவு எழுதி வந்தவர்கள். அவர்கள் பல மென்பொருள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக் கண்டறிந்தவை நம் கடைக் கணக்குக்கும் அப்படியே பொருந்துகின்றன. அவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வலைப்பதிவு என்பது நாள்வழி ஏடே

நம் கடைகளில் நாள்வழிச் சிட்டை எழுதுவது போல, தேதி வாரியாக இணையத்தில் எழுதி வைக்கும் ஏடுதான் வலைப்பதிவு. நாம் வரவு செலவு எழுதுகிறோம். அவர்கள் கருத்துகளை எழுதுகிறார்கள். அன்றன்று எழுதுவது, ஆண்டுக்கணக்கில் சேர்வது, பழைய பக்கத்தைத் தேடி எடுக்க வேண்டியிருப்பது ஆகிய மூன்றிலும் இரண்டும் ஒன்றே. ஐந்து, பத்து ஆண்டுகள் எழுதிச் சேர்த்த பிறகு ஏடு கைவிட்டுப் போனால் ஏற்படும் நட்டமும் ஒன்றே.

செய்தவர் விலகினால் என்ன ஆகும்?

பிரான்ஸ் நாட்டின் கோர்சிகாத் தீவைச் சேர்ந்த மிஷேல் வால்திரிகி என்ற இளைஞர், 2001ஆம் ஆண்டில் 'பி2' என்னும் வலைப்பதிவு மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். பலரும் விரும்பிப் பயன்படுத்தினர். 2002ஆம் ஆண்டு இறுதிக்குள் அவர் அப்பணியைத் தொடராமல் விட்டுவிட்டார். பிழை திருத்தவோ புதிய வசதி சேர்க்கவோ ஆள் இல்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அதைப் பயன்படுத்தி வந்த மேட் முல்லன்வெக் என்பவருக்கு அப்போது வயது 19. கல்லூரி மாணவர். 2003 ஜனவரியில் தம் வலைப்பதிவில், இந்த மென்பொருளின் உரிமம் யாரும் எடுத்துத் திருத்திப் பிறருக்கும் வழங்க இடம் தருகிறது, ஆகவே நாமே தொடரலாம் என்ற கருத்தை எழுதினார். இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் என்பவர் உடன் சேர்ந்துகொண்டார். 2003 மே 27 அன்று 'வேர்ட்பிரஸ்' என்ற பெயரில் முதல் பதிப்பு வெளிவந்தது. இன்று உலகிலுள்ள வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் இயங்குகின்றன.

செய்தவர் விலகிய பிறகும் பி2 பயன்படுத்தியவர்களின் ஏடுகள் வீணாகவில்லை. காரணம், அந்த மென்பொருளின் மூல நிரல் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருந்தது. நாம் வாங்கும் கணக்கு மென்பொருளின் மூல நிரலை எல்லா நிறுவனங்களும் தரமாட்டா. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அது அவர்கள் வியாபாரம். ஆனால், செய்தவர் கடையை மூடினால் நம் கணக்கு என்ன ஆகும் என்பதை வாங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டியது நம் வேலை.

விலையும் விதியும் மாறினால்?

பென் டிராட், மேனா டிராட் என்ற அமெரிக்கத் தம்பதியர் 2001 அக்டோபரில் 'மூவபிள் டைப்' என்ற மென்பொருளை வெளியிட்டனர். சொந்த உபயோகத்துக்காகச் செய்ததே பின்னர் பெரிதாக வளர்ந்து, நிறுவனமும் ஆயிற்று. 2004 மே மாதம் மூன்றாம் பதிப்பு வந்தபோது புதிய விலைப்பட்டியலும் வந்தது. இலவசப் பதிப்பில் ஒருவர் மட்டுமே எழுதலாம், மூன்று வலைப்பதிவுகள் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டினர். அதற்கு மேல் வேண்டுமானால் பணம். பயன்படுத்தியவர்களிடையே பெரும் கூச்சல் எழுந்தது. நிறுவனமும் விதிகளைப் பிறகு ஓரளவு தளர்த்தியது.

உழைத்தவர் கூலி கேட்பது தவறாகாது. நாமும் சரக்குக்கு விலை ஏறினால் ஏற்றித்தான் விற்கிறோம். இங்கு நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்த மென்பொருளில் எழுதிய அனைத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருந்தது. வேர்ட்பிரஸ் அக்கோப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆகவே புதிய விலை பிடித்தவர்கள் தங்கினர். பிடிக்காதவர்கள் தம் ஏட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போயினர். வெளியே எடுக்கும் வழி இல்லாதவரோ, கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும்; இல்லையேல் பழைய கணக்கை மறக்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டும் பில் மென்பொருள் வைத்திருப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மேசையில் ஒரு பிரதி

'டைப்பேட்' என்ற வலைப்பதிவுச் சேவை 2003இல் தொடங்கப்பட்டது. எழுதுவோர் மாதந்தோறும் கட்டணம் செலுத்தினர். இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்த பின் 2025 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. முன்னறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒரு மாதமே. அதற்குள் தம் பதிவுகளை இறக்கிக் கொண்டவர்களுக்கு நட்டமில்லை. அறிவிப்பைக் காணாதவர்களுக்கும், காலம் தாழ்த்தியவர்களுக்கும் பின்னர் கதவு திறக்கவில்லை. பணம் கட்டும் சேவை என்பதால் என்றும் இருக்கும் என்று நம்ப முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இதற்கு மாறான ஏற்பாடும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிய 'விண்டோஸ் லைவ் ரைட்டர்' என்ற மென்பொருள் எழுதுபவரின் சொந்தக் கம்ப்யூட்டரில் இயங்கியது. இணையத் தொடர்பு இல்லாதபோதும் எழுதலாம். எழுதியது முதலில் தம் மேசையிலேயே பதிவாகும். தொடர்பு வந்ததும் தளத்துக்கு அனுப்பலாம். 2012க்குப் பின் அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. 2015 டிசம்பரில் அதன் மூல நிரல் பொதுவில் வெளியிடப்பட்டு, ஆர்வலர்கள் 'ஓப்பன் லைவ் ரைட்டர்' என்ற பெயரில் தொடர்ந்தனர். இவ்வகை மென்பொருளைக் கொண்டு எழுதியோர் கண்டறிந்த நன்மை, தளம் எங்கிருந்தாலும் தம்மிடம் ஒரு பிரதி தங்கும் என்பதே.

செல்பேசியிலும் இணையத்திலும் மட்டுமே இயங்கும் பில் மென்பொருள்கள் இன்று மளிகைக் கடைகளில் மிகுந்துள்ளன. வசதியானவையே. ஆயினும் வாரம் ஒருமுறை அதிலிருந்து கணக்கை இறக்கி நம் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வது அவசியம்.

இரண்டு பிரதி இருந்தும் போனது எப்படி?

'ஜர்னல்ஸ்பேஸ்' என்ற வலைப்பதிவுத் தளம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நடந்து வந்தது. அதன் தகவல்கள் இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் பதியும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும் என்பது ஏற்பாடு. 2008 டிசம்பரில் தகவல் தொகுப்பு அழிக்கப்பட்டபோது இரண்டு வட்டுகளிலும் சேர்ந்தே அழிந்தது. தனியாக எடுத்து வைத்த பிரதி வேறு இல்லை. மீட்க முயன்றும் முடியாமல் தளம் மூடப்பட்டது.

இதன் காரணம் எளிது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எழுதுவது, கண்ணாடியில் உருவம் தெரிவது போன்றது. இங்கு கீறினால் அங்கும் கீறும். வட்டு பழுதடைவதற்கு அது பாதுகாப்பு. தவறான அழிப்புக்கும் வைரசுக்கும் பாதுகாப்பாகாது. நேற்று எடுத்துப் பிரித்து வைத்த பிரதிக்குத்தான் இன்றைய விபத்து எட்டாது. கம்ப்யூட்டரில் சொருகியபடியே கிடக்கும் பென்டிரைவும் இதே கணக்கில்தான் சேரும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், சொருகியிருக்கும் பென்டிரைவில் உள்ளதையும் பூட்டிவிடும்.

தமிழில் எழுதுவோர் கவனத்துக்கு

வாடிக்கையாளர் பெயர், சரக்குப் பெயர் ஆகியவற்றைத் தமிழில் பதியும் உறுப்பினர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் அமைந்திருந்தது. 'திஸ்கி' முறை ஒருபுறம், 1999இல் தமிழக அரசு அறிவித்த 'டாம்', 'டாப்' முறைகள் மறுபுறம், நிறுவனங்களின் சொந்த முறைகள் வேறு. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். தமிழ் வலைப்பதிவர்கள் தொடக்கத்தில் இந்தத் தொல்லையை நிறையவே பட்டனர். பின்னர் யூனிகோடு முறைக்கு மாறி, பழைய பதிவுகளையும் மாற்றிக் கொண்டனர். தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. பழைய எழுத்துருவில் பாக்கிப் பட்டியல் வைத்திருப்போர், அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இவையெல்லாம் முன்னெச்சரிக்கைக்காக மட்டும் சொல்லப்படுபவை அல்ல. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அவ்வாண்டுக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால், அறிக்கையின் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. ஆகவே 2031 டிசம்பர் 31 வரை கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடு போன்ற நடவடிக்கை நிலுவையில் இருந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது இந்த 72 மாதம் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், அது அழிந்தாலும் உரிய காலத்துக்குள் மீட்கத்தக்க வகையில் பிரதி வைத்திருக்க வேண்டும் என்று 57ஆம் விதி கூறுகிறது. மென்பொருள் மூடப்பட்டுவிட்டது, சந்தா முடிந்துவிட்டது என்பவை அதிகாரியின் முன் பதிலாகா.

நாம் செய்ய வேண்டியவை

மென்பொருள் வாங்குமுன் விற்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, அவர் கையாலேயே செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

1. சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல், விற்பனை நான்கையும் எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக எடுக்க முடியுமா? சி.எஸ்.வி. என்பது காற்புள்ளியிட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு; எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். பி.டி.எஃப். கோப்பு படிக்கவும் அச்சிடவும் உதவும். அடுத்த மென்பொருளில் ஏற்ற அது பெரும்பாலும் உதவாது.

2. சந்தா முடிந்த பிறகு பழைய கணக்கைப் பார்க்கவாவது முடியுமா?

3. உரிமமும், பதிவு செய்த மின்னஞ்சலும், செல்பேசி எண்ணும் கடை உரிமையாளர் பெயரில் உள்ளனவா? கணக்குப்பிள்ளையின் எண்ணில் பதிந்துவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனபின் அலையக் கூடாது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை:

1. வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, பென்டிரைவைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டும். ஒன்றையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தாமல், இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நலம்.

2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கடன் பாக்கி மொத்தமும் இருப்பு மதிப்பும் கடைக் கம்ப்யூட்டரோடு ஒத்திருந்தால்தான் அது பிரதி. ஏற்றிப் பார்க்காத பிரதியை நம்பி இருக்கக் கூடாது.

3. மார்ச் 31 கணக்கு முடித்ததும் பேரேடு, ஐந்தொகை, கடன் பாக்கிப் பட்டியல் ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். நம்மில் பெரும்பாலோர் கல்லாவைப் பூட்டுமுன் அன்றைய பணத்தை எண்ணாமல் வீட்டுக்குப் போவதில்லை. கடனாகக் கொடுத்த சரக்கின் பணம் கல்லாவில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. அக்கணக்கையும் அதே அக்கறையோடு காத்து வைக்குமாறு வணிகப் பெருமக்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.