மட்கலக் கலையில் மண் பிசைதல்: முறைகளும் காரணங்களும்

முன்னுரை

மட்கலக் கலையைப் பற்றி எழுதுவோர் திகிரியையும் சூளையையும் விரித்துரைப்பர். அவற்றுக்கு முன் நிகழும் மண் பிசைதலை ஒரு தொடரில் கடந்துவிடுவர். புறநானூற்று 32ஆம் பாடலில் கோவூர் கிழார், சோழன் நலங்கிள்ளி கருதியவாறே நாடு அமையும் என்பதற்குக் குயவர்குலச் சிறுவர் திகிரியில் இட்ட பச்சைமண் திரளை உவமையாக்குகிறார். வனைவோர் கருதிய வடிவத்தை மண் ஏற்க வேண்டுமாயின் அது முன்னரே பதப்பட்டிருத்தல் வேண்டும். அப்பதத்தைக் கையால் உண்டாக்கும் முறைகளையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிசைவதன் நோக்கம்

தமிழகக் குயவர் ஏரி, குளங்களிலிருந்து எடுத்த மண்ணை நீரில் ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்து, பின்னர் கையால் பிசைவர். மிதித்தல் பெருமளவு மண்ணை ஒன்றாக்கும். பிசைதல் ஒரு கலத்துக்குரிய திரளைச் செம்மையாக்கும். பிசைவதால் மூன்று பயன்கள் விளைகின்றன. ஈரம் எங்கும் சமமாகப் பரவுகிறது; கட்டிகள் கரைந்து மண் ஒரே தன்மை அடைகிறது; உள்ளே சிக்கிய காற்று வெளியேறுகிறது. ஈரம் சமப்படாத மண், உலரும்போது ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சுருங்கி வெடிப்பு விடும். காற்றுக்குமிழி எஞ்சினால் வனையும் விரல் அவ்விடத்தில் தடுமாறி, கலத்தின் சுவர் கோணும்.

மூன்று முறைகள்

முதலாவது, வெட்டி அறைதல். மண் திரளை மெல்லிய கம்பியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தூக்கி மறுபாதியின்மீது ஓங்கி அறைந்து, திரளைத் திருப்பி மீண்டும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுக்குகள் இரட்டிக்கும். 10 முறை செய்தால் 1,024 அடுக்குகளும், 20 முறை செய்தால் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அடுக்குகளும் உண்டாகும். இறுகிய மண்ணையும் இளகிய மண்ணையும் கலப்பதற்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, ஆட்டுத்தலை முறை. இரு உள்ளங்கைகளின் அடிப்பகுதியால் திரளைக் கீழும் முன்னுமாக அழுத்தி, பின் தன்பக்கம் உருட்டி நிமிர்த்தி, மீண்டும் அழுத்த வேண்டும். இருபுறமும் சுருள் தோன்றி, கொம்புடைய ஆட்டின் தலைபோல் காட்சி தருவதால் இப்பெயர் பெற்றது. சிறு திரளுக்கும் தொடக்க நிலை மாணவர்க்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, சுருள் முறை. ஒரு கை அழுத்த, மறுகை திரளைச் சிறிது சிறிதாகச் சுழற்றும். மடிப்புகள் மலரிதழ்போல் அமைவதால் ஜப்பானியர் இதனைச் சாமந்திப் பிசைவு எனும் பொருளில் 'கிக்குனெரி' என்பர். பெருந்திரளுக்கு இது ஏற்றது. எனினும், இதில் தேர்ச்சி பெற மூன்றாண்டு ஆகும் என்பது அவர்களிடையே வழங்கும் சொல்.

எம்முறையாயினும் தோள்வலிமையைவிட உடலின் எடையே பயன்பட வேண்டும். ஆகவே மேசை தாழ்வாக இருத்தல் நன்று. மாவு பிசைவதுபோல் மண்ணை விரித்து மடித்தல் கூடாது. மாவில் காற்று புகுவது நன்மை. மண்ணிலோ அம்மடிப்பே புதிய காற்றைச் சிறைப்படுத்தும். திரளைக் கம்பியால் வெட்டிப் பார்க்கையில் துளையும் நிறவேறுபாடும் இல்லையெனில் மண் பதமாயிற்று எனக் கொள்ளலாம்.

ஒரு தவறான விளக்கம்

காற்றுக்குமிழி சூட்டில் விரிவதால் சூளையில் கலம் வெடிக்கிறது என்று வகுப்புகளில் கூறப்படுவதுண்டு. நாமும் அவ்வாறே கற்பித்தோம். பயிற்சி ஆசிரியர் ஒருவரின் கலம் சூளையில் சிதறியபோது, "நீங்கள் சரியாகப் பிசையவில்லை" என்று கடிந்துகொண்டோம். பின்னர் சில்லுகளை எடுத்துப் பார்த்தபோது அவற்றில் ஒரு துளைகூடத் தென்படவில்லை. கலத்தின் அடிப்பகுதி மூன்று சென்டிமீட்டர் தடிப்புடையது. வனைந்து இரண்டே நாள்களில் அதனைச் சூளையில் ஏற்றியவர்கள் நாமே.

வெடிப்புக்கு முதன்மைக் காரணம் காற்றன்று; எஞ்சிய ஈரமே. 100 பாகை செல்சியசைக் கடக்கும்போது நீர் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு இடத்தை நாடுகிறது. தடித்த சுவரிலிருந்து அது விரைந்து வெளியேற இயலாமையால் கலம் உடைகிறது. முற்றும் உலர்ந்த மண்ணில் நுண்துளைகள் உண்டு. சிறைப்பட்ட காற்று அவற்றின்வழி வெளியேறிவிடும்.

முடிவுரை

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், நம் வட்டாரத்தின் ஈரக்காற்றில் கலம் உலர நாள் பல ஆகும். வகுப்பு அட்டவணை அந்நாள்களைத் தராதபோது நேரும் உடைவுக்கு மாணவரின் கையைப் பழிப்பது முறையன்று. கற்பிப்போர் பிசைதலை அதன் உண்மையான காரணங்களோடு விளக்குவராயின், மாணவர் தம் கையை நம்பக் கற்பர். அப்பயிற்சி ஆசிரியரிடம் நாம் பின்னர் வருத்தம் தெரிவித்தோம். அவர் மீண்டும் வனைந்த கலம் மூன்று வாரம் உலர்ந்தபின் சூளையிலிருந்து முழுமையாக வெளிவந்தது.